ஐந்து தோட்டா, ஆறு ஓட்டை

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆறு வரை எண்ணத் தெரியும். எண்ணியதைத் தாளில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வராது. அம்மாவுக்குப் பஸ் நம்பர் பார்க்க வராது. அதனால் நான் நாலாம் வகுப்பு முடிப்பதற்குள்ளேயே, தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் சரி, மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானாலும் சரி, என்னைத்தான் கூப்பிட்டார்கள். நானும் பாவாடையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா மாதிரிப் போவேன். தெரியாத சொல் வந்தால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் என்னிடம் இல்லை.

அப்பாவை வீட்டில் நைனா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நானாகவே அதை மாற்றி 'அப்பா' என்று ஆக்கிக்கொண்டேன். அவர் ஆட்சேபிக்கவில்லை. மாறாக, "எம் பொண்ணு என்னிய அப்பான்னு கூப்புடுது" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டார்.

அவர் கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் போகிற வழியில் ஒரு பங்களாவில் வேலை பார்த்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது, காரைத் துடைப்பது, கடைக்குப் போவது, கேட்டைத் திறந்து மூடுவது எல்லாம் அவர்தான். பங்களாக்காரர் சரக்குக் கப்பலில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். பிள்ளை டில்லியில். தெருவில் அவருக்குக் கப்பல் ஐயா என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போய்க் கணீரென்று பாடிவிட்டு வருவார். இட்லி சாப்பிடுவார். பிறகு துப்பாக்கியை எடுப்பார்.

அது அமெரிக்காவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கியது. லைசென்ஸ் இருந்தது. கருநீல இரும்பு, மரக் கைப்பிடி, நடுவில் ஆறு ஓட்டைகள் கொண்ட ஓர் உருளை. பின்புறம் கொக்கி போல நிமிர்ந்து நிற்கும் சுத்திக்குக் குதிரை என்று பெயர். ஒவ்வொரு தடவையும் அந்தக் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் விசை வேலை செய்யும். இழுத்தால் உருளை ஒரு பல் நகரும். விசையை அழுத்தினால் குதிரை பாய்ந்து தோட்டாவின் முதுகில் இடிக்கும். அவ்வளவுதான். மறுபடி சுட மறுபடி இழுக்க வேண்டும். "சிங்கிள் ஆக்‌ஷன். அவசரக்காரனுக்கு இது லாயக்குப்படாது" என்பார் ஐயா. தன்னைப் பற்றித்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார் என்று தோன்றும்.

குழாயின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் எழுத்து வெட்டியிருந்தது. ஒரு நாள் துடைத்துக்கொண்டிருந்த அப்பா, "இது இன்னான்னு படி பாப்பா" என்றார். முதலில் ஒரு நம்பர். அதற்குப் பிறகு எழுத்துக்கூட்டினேன்: மேக்-னம். அந்த வாரம்தான் எங்கள் டீச்சர் மேக்னட் என்றால் காந்தம் என்று சொல்லிக்கொடுத்திருந்தார். நான் யோசிக்கவே இல்லை. "காந்தம்ப்பா. இது காந்தத் துப்பாக்கி" என்றேன். அப்பா துப்பாக்கியை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த அரிவாளை எடுத்துத் தூரமாகப் போட்டுவிட்டு வந்தார். "அதான், ஐயா எம்மாந் தூரத்துல டின்ன வச்சாலும் கரெக்டா போய் அடிக்குது" என்று அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு ரொம்ப நாள், இரும்புச் சாமான் எதையும் வைத்துக்கொண்டு அதன் அருகில் போகமாட்டார். மேக்னம் என்றால் அதிக வெடிமருந்து அடைத்த பெரிய தோட்டா என்று ஐயா யாரிடமோ சொல்ல, அதை நான் கேட்டபோது எனக்கு வயது பதின்மூன்று. அப்பாவிடம் திருத்திச் சொல்லவில்லை.

எனக்கு அந்தத் துப்பாக்கியைக் கண்டால் பயம். அதைவிட அதன் சத்தத்தின் மேல் பயம். வண்டலூர் பக்கம் கைவிட்டுப்போன ஒரு கல்குவாரி இருந்தது. ஐயா அங்கே பால் பவுடர் டின்களை வரிசையாக வைத்துச் சுடுவார். டின்களை நிறுத்துவதும் பொறுக்குவதும் அப்பாவின் வேலை. இரண்டு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அந்தச் சத்தம் எனக்குக் காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. சுற்றிலும் பாறைச் சுவர் என்பதால் ஒரு வெடி நாலாகத் திரும்பி வரும். குழாயின் வாயிலிருந்து பகலிலேயே ஒரு முழ நெருப்பு தெரியும். ஐயாவின் கை மேல்நோக்கி எகிறி இறங்கும். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, டின் விழுந்ததா என்றுகூடப் பார்க்காமல், அப்பா நிற்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் தேர்தல் வந்தது. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். அதனால் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கடைசியாக ஒரு தடவை சுட்டுவிட்டு வந்துவிடலாம் என்று ஐயா கிளம்பினார். அப்பா என்னையும் பங்களாவுக்கு அழைத்துப் போயிருந்தார்.

வராந்தா மேசையில் பழைய துண்டை விரித்து, ஐயா தோட்டா போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எட்டத்தில் இருக்கிற டின் தெரியும். கையில் இருக்கிற தோட்டா தெரியாது. விரலால் தடவித் தடவித்தான் போடுவார். குதிரையைப் பாதி இழுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்தால் ஒரு சமயத்தில் ஓர் ஓட்டைதான் தெரியும். உருளையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஐந்து போட்டு முடித்திருந்தார். அப்போது கேட்டில் சைக்கிள் மணி அடித்தது. போலீஸ்காரர் ஒருவர், ஒப்படைப்பதற்கான நோட்டீஸைக் கொண்டுவந்திருந்தார்.

ஐயா துப்பாக்கியை அப்படியே துண்டின்மேல் வைத்துவிட்டு லைசென்ஸ் புத்தகத்தையும் மூக்குக்கண்ணாடியையும் தேடி உள்ளே போனார். அப்பா மேசைக்குப் பக்கத்தில் காவலாக நின்றார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, துப்பாக்கியை எட்டிப் பார்த்தார். கையை வைக்காமல், ஒரு தீக்குச்சியால் உருளையைத் தள்ளித் தள்ளி எண்ணினார்.

"இன்னாபா இது, ஆறு ஓட்டை கீது. தோட்டா அஞ்சுதான் கீது?"

"எப்பவும் அஞ்சுதான் சார் போடுவாரு" என்றார் அப்பா.

"ஆறு ஓட்டை வச்சவன் இன்னா பைத்தியமா? ஆறாவது எங்க? வித்துட்டியா?"

"போ சார், உனக்கு எப்பவும் தமாஷுதான்."

"சிரிக்காத. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வருதில்ல? அவங்க ஓட்டு எண்றதுக்கு முன்னாடி நாங்க ஓட்டைய எண்ணணும். ஒண்ணு கொறஞ்சா யார உள்ள தள்ளுவாங்க? கப்பல் ஐயாவையா? கைல தொடச்சது நீ. உன்னத்தான் தள்ளுவாங்க."

அப்பா சிரித்தார். ஆனால் அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவர் எதற்குத் துடைத்தாரோ தெரியாது. எனக்கு வியர்வையாகத்தான் தெரிந்தது.

அந்த மாதம்தான் எங்கள் தெருவில் ஒருவரை, சைக்கிள் காணாமல் போனது சம்பந்தமாக ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். சைக்கிள் மறுநாளே வேறெங்கோ கிடைத்துவிட்டது. ஆனாலும் அவர் திரும்பி வந்தபோது வாசலில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே கஞ்சி குடித்தார். அவர் குடித்த விதம் என் கண்முன்னால் வந்தது. அப்பா அப்படி நின்று கஞ்சி குடிப்பதையும் பார்த்தேன்.

உள்ளே இருந்து ஐயா குரல் கொடுத்தார். "கான்ஸ்டபிள், இங்க வாங்க. கையெழுத்து எங்க போடணும்னு காட்டுங்க. டேய், ஒரு டீ வாங்கிட்டு வாடா."

போலீஸ்காரர் உள்ளே போனார். அப்பா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, "நவுராத பாப்பா, இத யாரும் தொடாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் தாண்டி ஓடினார்.

நான் தனியாக நின்றேன். மேசைமேல் துப்பாக்கி. அதன் பக்கத்தில் தோட்டா அட்டைப்பெட்டி, மூடி திறந்தபடி. உள்ளே பித்தளைத் தலைகள் வரிசையாக நின்றன.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. கோடிட்ட இடங்களை நிரப்புக என்று கேள்வி வந்தால், நான் ஒரு கோட்டையும் காலியாக விட்டதில்லை. தெரிந்தால் தெரிந்ததை எழுதுவேன். தெரியாவிட்டால் பொருத்தமாக ஒன்றை எழுதுவேன். காலியாக விடுகிறவள் சோம்பேறி என்று டீச்சர் சொல்லியிருந்தார். இப்போது என் முன்னால் ஆறு இடம் இருந்தது, ஐந்து நிரம்பியிருந்தது. ஆறாவதை நிரப்ப வேண்டிய விடை பக்கத்திலேயே பெட்டியில் இருந்தது. இவ்வளவு சுலபமான கேள்வியை எங்கள் பரீட்சையில்கூடக் கேட்டதில்லை.

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். என் சுண்டுவிரலைவிடக் குட்டி, ஆனால் கனம். உருளையைத் திருப்பினேன். டிக். இன்னொரு டிக். காலி ஓட்டை கதவுக்கு நேரே வந்தது. தோட்டாவை நுழைத்தேன். அது அதற்கென்றே செய்தது போல வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. அந்தச் சமயத்தில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன். விரலில் எண்ணெய்க் கறுப்பு ஒட்டியிருந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டு, தூணுக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே போய் நின்றேன்.

அந்த ஆறாவது இடம் மறந்துபோய் விட்டதல்ல. வேண்டுமென்றே விட்டது. அந்தக் காலத்து ஒற்றை விசைத் துப்பாக்கியில் குதிரையை இறக்கி வைத்தால், அதன் மூக்கு நேராகத் தோட்டாவின் முதுகின்மேல் படுத்திருக்கும். நடுவில் தடுப்பு ஒன்றும் கிடையாது. விசையை யாரும் தொட வேண்டியதில்லை. பின்பக்கம் ஓர் அடி பட்டால் போதும், வெடித்துவிடும். அதனால் தெரிந்தவர்கள் ஐந்துதான் போடுவார்கள். குதிரை படுக்கிற இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஐயா சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஐயா வெளியே வந்தார். தான் ஐந்து போட்டு வைத்தது அவருக்கு நினைவிருந்தது. மறுபடி பார்க்கவில்லை. கதவைத் தட்டி மூடி, குதிரையை முழுக்க இழுத்து, கட்டைவிரலால் பிடித்தபடி மெதுவாக இறக்கினார். இடுப்புப் பட்டையில் தொங்கிய தோலுறைக்குள் வைத்துக்கொண்டார். போலீஸ்காரர் டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "நாளைக்குப் பத்து மணிக்குக் கரெக்டா வந்துடுங்க ஐயா" என்றார். போகும்போது அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்து, ஆறு விரலைக் காட்டினார். நான் மனதுக்குள், 'எண்ணிக்கோ, எண்ணிக்கோ' என்று சொல்லிக்கொண்டேன்.

காரை ஐயாவே ஓட்டினார். அப்பா முன்சீட்டில், மடியில் டின் சாக்கு. நான் பின்னால். பெருங்களத்தூர் தாண்டும் வரை ரோடு பரவாயில்லை. அதற்குப் பிறகு மாட்டுவண்டித் தடம். ஒவ்வொரு பள்ளத்திலும் கார் எகிறி விழுந்தது. ஐயாவின் இடுப்பில் இருந்த உறை சீட்டின் இரும்புச் சட்டத்தில் 'டொக் டொக்' என்று இடித்தது. அந்த 'டொக்' சத்தம் அன்றைக்கு எனக்கு வெறும் சத்தம். இப்போது சில சமயம் பஸ் குலுங்கும்போது காரணமில்லாமல் என் கை முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள்.

குவாரிக்கு மேலே காரை நிறுத்தினார்கள். உள்ளே இறங்க ஒரு சரிவு. உடைந்த ஜல்லி கொட்டிக்கிடக்கும். வழக்கம்போல அப்பா இரண்டு படி முன்னால் இறங்கி, திரும்பி நின்று, ஐயாவுக்குக் கை கொடுத்தார். நான் மேலே நின்றிருந்தேன்.

"மெதுவா ஐயா. இந்தக் கல்லு ஆடுது."

"எனக்குத் தெரியும்டா. கடல்ல ஆடுற கப்பல்லயே நின்னவன் நான்."

சொல்லி முடிக்கவில்லை. ஜல்லி சரிந்தது. ஐயா அப்படியே உட்கார்ந்த நிலையில் வழுக்கினார். அப்பா அவரைத் தாங்கக் குனிந்தார். உறையின் வார் மாட்டாமல் இருந்திருக்க வேண்டும். துப்பாக்கி நழுவி, ஒரு தடவை புரண்டு, பாறைமேல் மல்லாக்க விழுந்தது.

வெடித்தது.

நான் காதைப் பொத்தியிருக்கவில்லை. சத்தம் நாலு பக்கமும் போய்த் திரும்பி வந்தது. குவாரிச் சுவரில் இருந்த புறாக்கள் மொத்தமாக எழும்பின. அப்பா உட்கார்ந்திருந்தார். எப்போது உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. இடது கையால் இடது கன்னத்தை மூடியிருந்தார். தலையில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து தோளில் கிடந்தது. அதில் ஒரு மூலை கருகிப் புகைந்தது. விரல் இடுக்கில் ரத்தம்.

"நைனா!" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. சரிவில் உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு இறங்கினேன். "நைனா! நைனா!" நான் அவர் முகத்துக்கு முன்னால் வந்து விழுந்த பிறகுதான் என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார் என்பதால் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தது. ஆனாலும் கத்துவதை நிறுத்த முடியவில்லை.

ஐயா நாலு காலில் தவழ்ந்து வந்தார். முழங்கால் சிராய்த்திருந்தது. அப்பாவின் மார்பு, வயிறு, கழுத்து என்று தடவிப் பார்த்தார். "எங்கடா பட்டுது? எங்கன்னு சொல்லுடா! ஆண்டவரே, எங்கடா?"

"ஒண்ணும் இல்லீங்க ஐயா. கல்லு தெறிச்சுது." அப்பா ஊரே கேட்கும்படி பேசினார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

கன்னத்தில் பாறைச் சில்லு கீறியிருந்தது. அவ்வளவுதான் வெளியே தெரிந்தது. குண்டு அவர் தலைக்கும் தோளுக்கும் நடுவே, துண்டைத் தீய்த்துக்கொண்டு வானத்துக்குப் போயிருந்தது. ஒரு சாண் இந்தப் பக்கம் குனிந்திருந்தால் இதை எழுத நான் படித்திருக்க மாட்டேன்.

ஐயா கொஞ்ச நேரம் அப்பாவின் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. துப்பாக்கியை எடுத்து, கதவைத் திறந்து, உருளையைத் திருப்பி, ஒவ்வொன்றாக உள்ளங்கையில் தள்ளினார். தடவித் தடவி எண்ணினார். ஐந்து முழுத் தோட்டா. ஒரு வெற்றுக் கூடு. மறுபடியும் எண்ணினார். முகம் மாறியது.

"ஆறு. நான் அஞ்சுதான் போட்டேன். எவன் ஆறாவதைப் போட்டது?"

புறாக்கள் இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. அப்பா ஐயாவின் உதட்டைப் பார்த்தார். பிறகு அவர் உள்ளங்கையில் இருந்த தோட்டாக்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தை அல்ல. என் பாவாடையை. வெளிர் மஞ்சள் பாவாடை. அதில் மூன்று விரல் கறுப்பாக இழுத்திருந்தது.

"நான்தான் ஐயா போட்டேன்" என்றார்.

"நீயா?"

"போலீஸ்காரரு கேட்டாரில்ல, ஆறாவது எங்கன்னு. அதான், போட்டு வச்சுடலாம்னு..."

"அறிவிருக்காடா உனக்கு! எத்தனை வருஷமா கூட இருக்க! குதிரைக்குக் கீழ காலியா இருக்கணும், காலியா இருக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! மறந்துட்டியா?"

"மறந்துட்டேன் ஐயா."

"இந்தக் குழந்தை பின்னாடியே நின்னுதே, அது மேல பட்டிருந்தா?" ஐயாவின் குரல் உடைந்தது. கோபத்தை அதன்மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டார். "எழுத்து வாசனை இல்லாதவன் கையில இதக் குடுத்தது என் தப்பு. இனிமே இதத் தொடக் கூடாது நீ. தோட்டத்தோட இரு."

"சரிங்க ஐயா."

அவர் என் பக்கம் திரும்பினார். என் தலையில் கையை வைத்தார். "நீயாவது நல்லாப் படி பாப்பா. படிச்சு, உங்கப்பனுக்குப் புத்தி சொல்லு."

நான் தலையை ஆட்டினேன்.

அதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் ஆட்டினேன். பயந்துதான் ஆட்டினேன். வாயைத் திறந்தால் ஐயா என்னைப் போலீஸில் கொடுத்துவிடுவார், பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிடுவார், என் பெயரை அடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். என்னைப் பள்ளியில் சேர்க்கச் சிபாரிசுக் கடிதம் எழுதிக்கொடுத்தவர் அவர்தான்.

அன்றைக்கு ஒரு டின்னும் நிறுத்தவில்லை. திரும்பி வரும்போது அப்பா என்னோடு பின்சீட்டில் உட்கார்ந்தார். கருகிய துண்டின் நல்ல முனையில் எச்சில் தொட்டு, என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகும்வரை துடைத்தார். அப்போதே தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியும் என்று. வீட்டில் அம்மாவிடம் கல் தெறித்தது என்று மட்டும் சொன்னார். அம்மா மஞ்சள் குழைத்துப் பூசிக்கொண்டே, "இன்னாத்துக்கு இம்மாம் சத்தமா பேசற, பக்கத்துலதானே கீறேன்" என்றாள். அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். நான் அடிக்காகக் காத்திருந்தேன். அவர் என்னை அடித்ததே இல்லை. ஆனால் இதற்கு அடிக்காமல் இருக்கமாட்டார் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டபோது அப்பா வழக்கம்போல வாசலில் நின்றார். ஜி.எஸ்.டி ரோட்டின் ஓரமாக நடந்தோம். எப்போதும் என்னை இடது பக்கம், புல் பக்கம், விட்டுக்கொண்டு தான் வண்டிகள் பக்கம் நடப்பார். நான் விளையாட்டாக அந்தப் பக்கம் ஓடினாலும் காதைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டுவிடுவார்.

டீக்கடையிலிருந்து குரல் கேட்டது. "இன்னா ஆறாவது! எங்க போற?"

நேற்று வந்த அதே போலீஸ்காரர், கையில் கிளாஸோடு, எங்களுக்கு இடது பக்கம் நின்றார். அப்பா பாட்டுக்கு நடந்தார். "ஆறாவது! உன்னத்தான்பா!" கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா நிற்கவில்லை. பயத்தில் நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் திரும்பினார்.

"கூப்டா திரும்ப மாட்டேன்ற? அம்மாம் பெரிய ஆளாயிட்டியா? ஐயா காலைல வந்து குடுத்துட்டுப் போனாரு. எல்லாம் சொன்னாரு." போலீஸ்காரர் பக்கத்தில் வந்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் தமாஷுக்குச் சொன்னா நெசமாவே போட்டுடுவியாபா? நம்பரப் பாத்து எழுதிக்கினு பொட்டில வச்சுப் பூட்டுனோம், அவ்ளோதான். ஓட்டைய யார் எண்றாங்க?"

"தெரியாம போட்டுட்டேன் சார்" என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே. கடைக்காரர், பெஞ்சில் இருந்தவர்கள், எல்லோரும் சிரித்தார்கள். ஆறாவது என்கிற பெயர் அன்றைக்கு அவர்மேல் ஒட்டியது. இன்றைக்கும் பழைய ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். காரணம் கேட்டால், படிப்பு இல்லாத மனுஷன், விவரம் பத்தாமல் ஆறாவது தோட்டாவைப் போட்டுவிட்டான் என்று சொல்வார்கள். பி.எஸ்ஸி. கணிதம் தேறிய அவர் மகள் பக்கத்திலேயே நிற்கும்போது சொல்வார்கள்.

டீக்கடையைத் தாண்டியதும் அப்பா நின்றார். என் தோளைப் பிடித்து, தனக்குப் பின்னால் சுற்றி, வலது பக்கம் கொண்டுவந்து விட்டார்.

"இந்தப் பக்கம் வா பாப்பா. இனிமே இந்தப் பக்கமே நட."

அது லாரிகள் போகிற பக்கம். செங்கல்பட்டு லாரிகள் ஒவ்வொன்றும் என் பாவாடையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி காற்றோடு கடந்தன. ஹாரன் சத்தம் முதுகில் அறைந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அடி கிடையாது. இதுதான் தண்டனை. இனிமேல் என்னைப் புல் பக்கம் விட்டுக் காப்பாற்றப்போவதில்லை. நான் செய்ததற்கு அது நியாயம்தான் என்றும் தோன்றியது.

"இன்னிக்கு ஸ்கூல்ல இன்னா சொல்லிக் குடுத்தாங்க?" என்றார்.

"வாய்ப்பாடு" என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

"சத்தமா சொல்லு."

அப்பாவின் இடது காது அந்த ஞாயிற்றுக்கிழமையோடு போய்விட்டது என்பது எங்களுக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆனது. வேறெதற்கோ அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னார். அப்பாவுக்கு அது குவாரியிலேயே தெரிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், தண்டனையை அழாமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான். லாரிகளின் காற்றில் கண்ணை இடுக்கிக்கொண்டு, பதினாறாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து, என்னால் முடிந்த மட்டும் கத்திச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அப்பா தலையை என் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கூடவே வந்தார்.